பிறந்த எடையையும் கேளுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இளவயது மாரடைப்பு பற்றிய கட்டுரையைப் படித்தேன். புகை, சர்க்கரை, கொழுப்பு, பரம்பரை எல்லாம் வந்தன. பிறந்தபோது என்ன எடை என்பது மட்டும் வரவில்லை. கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அது மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் 1911 முதல் செவிலியர்கள் வீடு வீடாகப் போய்க் குழந்தைகளை எடை போட்டுப் பேரேட்டில் எழுதிவைத்தார்கள். அந்தப் பேரேடுகளை வைத்து டேவிட் பார்க்கர் என்ற மருத்துவர் 5,654 ஆண்களின் வாழ்க்கையைத் தேடிப் பார்த்தார். பிறப்பிலும் ஒரு வயதிலும் எடை குறைந்திருந்தவர்களே இதய நோயால் அதிகம் இறந்திருந்தார்கள். 1989இல் இது வெளிவந்தது.

சரி, அது வெள்ளைக்காரர் கதை என்று தள்ள முடியாது. மைசூரு ஹோல்ட்ஸ்வொர்த் மருத்துவமனையில் 1934 முதல் 1954 வரை பிறந்தவர்களில் 517 பேரைப் பிற்பாடு பரிசோதித்தார்கள். இரண்டரைக் கிலோவோ அதற்குக் குறைவாகவோ பிறந்தவர்களில் 11 சதவீதம் பேருக்கு இதய நோய். ஏழு பவுண்டுக்கு, அதாவது சுமார் 3.2 கிலோவுக்கு மேல் பிறந்தவர்களில் 3 சதவீதம்தான்.

வயிற்றில் சத்து போதாதபோது சிசு மூளையைக் காப்பாற்றிக்கொண்டு மற்ற உறுப்புகளில் சிக்கனம் பிடிக்கிறது என்பது பார்க்கரின் விளக்கம். சிறுநீரகத்தின் வடிகட்டிகள் குறைந்துபோனால் பின்னாளில் ரத்தக் கொதிப்புக்கு வழி. எடை குறைந்து பிறந்த எல்லோருக்கும் நோய் வரும் என்று பயப்பட வேண்டாம். ஆனால் அவர்கள் ரத்த அழுத்தத்தைச் சீக்கிரமே பார்க்கத் தொடங்கலாமே.

"நிறைய சாப்பிட்டா பிள்ளை பெருத்துடும், பிரசவம் கஷ்டமாயிடும்" என்று கர்ப்பிணியின் தட்டைப் பாதியிலேயே எடுத்த மாமியார்களோடு எத்தனை வீட்டில் மல்லுக்கு நின்றிருக்கிறேன்! அப்புறம் அதே வீட்டில், மெலிந்து பிறந்த பிள்ளையைப் பள்ளி வயதில் கொழுகொழுவென்று ஆக்கத் துடிப்பார்கள். சிறிதாகப் பிறந்து பிறகு வேகமாகப் பருப்பதுதான் இதயத்துக்கு இன்னும் ஆபத்து. இதில் தாயைக் குற்றம் சொல்வது மகா பாவம். அவளுக்குப் போட்டால்தானே அவள் சாப்பிடுவாள்?

நான் பணியாற்றிய ஒரு துணை சுகாதார நிலையத்தில் பழைய பிறப்புப் பதிவேடுகளைக் கட்டிப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார்கள். தொங்கு தராசில் ஒவ்வொரு பிள்ளையாக நிறுத்து நான் எழுதிய எடைகள் அவை. மிச்சமிருக்கும் பதிவேடுகளையாவது அரசு பாதுகாக்க வேண்டும் என்று நீங்கள் எழுதுங்கள். அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது முப்பது, முப்பத்தைந்து வயது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
திண்டுக்கல் மாவட்டம்