யூட்டாவின் ஆட்டத்தை நான் இரண்டு முறை ஓட்டினேன்

அன்புள்ள அண்ணாவுக்கு,

2024 டிசம்பர் 21 அன்று ஆஸ்டினில் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் டெக்சஸ் அணி கிளெம்சனை 38-24 என்று வென்றதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த மைதானத்தில் நடந்த முதல் பிளே ஆஃப் ஆட்டம் அது, அதாவது சாம்பியனை முடிவு செய்யும் வெளியேற்றுச் சுற்று ஆட்டம். நாம் கணினியில் ஓட்டிய கற்பனை ஆட்டத்தையும் சேர்த்தால் இரண்டாவது. அன்றிரவே இதை எழுதத் தொடங்கினேன், பலமுறை அழித்தேன், இனித் தள்ளிப்போடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

2008 டிசம்பரில் நம் ரிவர்சைட் வீட்டில் எல்லோரும் கூடிப் பார்த்த, நான் எழுதிய கணினி நிரல் நடத்திய அந்தக் கால் இறுதி ஆட்டத்தை, நான் முந்தைய இரவே தனியாக ஓட்டிப் பார்த்துவிட்டேன். யூட்டா வென்றது. ஆட்டத்தின் போக்கை முடிவு செய்யும் தொடக்க எண்ணை மாற்றி மறுபடி ஓட்டினேன், டெக்சஸ் வென்றது. உங்கள் முன்னால் ஓடியது அந்த இரண்டாவது ஆட்டம்தான். இறுதித் தரவரிசை வெளியான டிசம்பர் 7 என்ற தேதியையே எண்ணாக்கி, 1207 என்று நீங்கள் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தீர்கள். நிரலுக்குள் இருந்தது 1208.

அந்த மாலை உங்கள் கையில் ரசக் கரண்டி இருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு வந்தவர் கரண்டியைக் கீழே வைக்கவே இல்லை. திரையில் ஒவ்வொரு வரியும் வருவதற்கு நான் வைத்திருந்த இரண்டு விநாடி இடைவெளியில், அதன் நுனியிலிருந்து ரசம் உங்கள் சிவப்புச் சட்டையின் மேல் சொட்டியது; நீங்கள் கவனிக்கவில்லை. 31-20 என்று கடைசி வரி வந்ததும் எழுந்து வந்து எனக்குக் கை கொடுத்து, "நியாயமாக எழுதியிருக்கிறாய் தம்பி" என்றீர்கள். பிறகு எல்லோருக்கும் சோறு போட்டீர்கள். எனக்குத்தான் முதலில் போட்டீர்கள்.

நான் ஏன் செய்தேன் என்பதையும் சொல்லியாக வேண்டும். டல்லாஸில் ஓக்லஹோமாவை 45-35 என்று நேருக்கு நேர் வென்ற அணி டெக்சஸ். அப்போது பிளே ஆஃப் கிடையாது, முதல் இரண்டு இடங்களில் இருந்த அணிகளுக்கு மட்டுமே இறுதி ஆட்டம். ஆனால் வாக்கெடுப்புகளையும் கணினித் தரவரிசைகளையும் கலந்து போட்ட ஒரு கணக்கில் நூலிழை வித்தியாசத்தில் ஓக்லஹோமா முந்தி, இறுதி ஆட்டத்துக்கும் போனது. அந்த ஆற்றாமை எனக்குள் எரிந்துகொண்டிருந்தது. முதல் எட்டு அணிகளை வைத்து நாம் அட்டவணை போட்டபோது, மூன்றாவதான என் அணிக்கு எதிரே ஆறாவதான உங்கள் அணி வந்து நின்றது. நான் உருவாக்கிய உலகத்திலாவது டெக்சஸ் முதல் சுற்றில் வெளியேறக் கூடாது என்று நினைத்தேன். அடுத்த சுற்றில் ஃப்ளோரிடாவிடம் டெக்சஸ் தோற்றது. அதை நான் தொடவில்லை.

இதைக் காரணமாகச் சொல்கிறேனே தவிர நியாயம் என்று சொல்லவில்லை. 12 ஆட்டங்களில் ஒன்றைக்கூடத் தோற்காமலே வாய்ப்பு மறுக்கப்பட்டது உங்கள் அணிக்குத்தான். எதிரணிகள் பலம் குறைந்தவை என்று நிரலில் யூட்டாவின் பலத்துக்கான எண்களை நான் குறைத்தபோது, தெற்குக் கலிஃபோர்னியாவை வென்ற ஓரிகன் ஸ்டேட்டையே யூட்டா 31-28 என்று வென்றதே என்று கேட்டீர்கள். நான் பாதிதான் விட்டுக்கொடுத்தேன். அப்படிக் குறைத்தும் அவர்கள் வென்றார்கள். 2009 ஜனவரி 2 அன்று அலபாமாவுக்கு எதிராக அவர்கள் முதல் க்வார்ட்டரிலேயே 21 புள்ளிகள் எடுத்து, 31-17 என்று முடித்தபோது நீங்கள் என் பக்கம் திரும்பிப் பார்த்தீர்கள். ஒன்றும் கேட்கவில்லை.

அன்றே கேட்டிருக்கலாம் அண்ணா. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அதற்குப் பதில், அந்த வசந்த காலத்தில் ஆய்வகத்தில் என்னைப் பற்றி நீங்கள் சொன்னதை மூன்றாவது ஆள் சொல்லித்தான் அறிந்தேன். அதை இங்கே எழுத மாட்டேன். அப்போது அங்கிருந்தவர்களில் சிலர் இதையும் படிப்பார்கள். அவர்களுக்காக ஒன்று மட்டும் சொல்கிறேன்: என் ஆய்வேட்டில் ஓர் எண்ணைக்கூட நான் மாற்றியதில்லை. விளையாட்டில் பொய் சொன்னவன் வேலையிலும் சொல்வான் என்று நீங்கள் எப்படி முடிவு கட்டினீர்கள்? ஈராண்டு ஒரே பானைச் சோறு சாப்பிட்டவனைப் பற்றி அப்படிப் பேச உங்களுக்கு மனம் வந்ததே என்பது இன்றும் ஆறவில்லை. ஆனால் அந்தச் சந்தேகத்துக்கு விதை போட்டவன் நான்தான். அதற்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

நிரலையும் அணிகளின் எண்களையும் உங்களுக்குத் தனியே அனுப்பியிருக்கிறேன். கடந்த வாரம் என் பழைய கணினியைத் தூசு தட்டி 1207 கொடுத்து ஓட்டினேன். இரண்டு விநாடி இடைவெளியை எடுக்கவில்லை. அதே ஆட்டம்தான் வந்தது. அதன் கடைசி வரிகள் இவை:

நான்காவது க்வார்ட்டர், 0:04. பந்து டெக்சஸின் 24 யார்டு கோட்டில். யூட்டா 41 யார்டு ஃபீல்ட் கோல் முயற்சி. உள்ளே போனது. யூட்டா 27, டெக்சஸ் 24.

அன்புடன்,
தம்பி