போர்ப் படத்தை ரசிப்பது குற்றமா?

ஆசிரியருக்கு,

போர்ப் படங்களின் அரசியல் சார்பைக் கண்டித்து வெளியான தலையங்கம் படித்தேன். சார்பு இருப்பது உண்மைதான். ஆனால், ரசிப்பவர்கள் எல்லோரும் அதை அப்படியே நம்பிவிடுகிறார்கள் என்ற முடிவு ஏற்புடையதல்ல. 1925இல் சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டைன் எடுத்த ‘போர்க்கப்பல் பொதெம்கின்’ அப்பட்டமான புரட்சிப் பிரசாரம். அதில் ஜார் மன்னரின் படையினர் மக்களைச் சுட்டுக் கொல்லும் ஒடேசா நகரப் படிக்கட்டுப் படுகொலை, திரையில் காட்டியபடி நடக்கவே இல்லை. இருந்தும், படிகளில் தானாக உருண்டோடும் அந்தக் குழந்தை வண்டியை இன்றைக்கும் பதைபதைப்போடுதான் பார்க்கிறோம். அதற்காக யாரும் போல்ஷ்விக் புரட்சிக்காரர் ஆகிவிடுவதில்லை!

ராணுவத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற என் மாமா போர்ப் படம் எதையும் தவறவிடமாட்டார். துப்பாக்கியில் தோட்டாக்கள் அடங்கிய மேகசினை மாற்றாமலேயே நாயகன் சுட்டுத் தள்ளும்போது சிரிப்பார். எதிரித் தளபதி மட்டும் ஏன் எப்போதும் முட்டாளாகவே இருக்கிறான் என்று கேட்பார். பீரங்கிச் சண்டை தொடங்கிவிட்டால் பேச்சு நின்றுவிடும். கவலைக்குரியது வேறு. அமெரிக்காவில் ராணுவ விமானங்களையும் கப்பல்களையும் படப்பிடிப்புக்குக் கேட்கும் தயாரிப்பாளர், திரைக்கதையைப் பாதுகாப்புத் துறையிடம் காட்டி ஒப்புதல் பெற வேண்டும். பார்வையாளர்களில் பலருக்கு இது தெரியாது. படத்துக்கு ராணுவ உதவி கிடைத்ததா, கதையில் எது வரலாறு, எது கற்பனை என்பதைத் தங்கள் திரை விமர்சனங்களில் இரண்டு வரியில் குறிப்பிடலாமே.