ஒரே உட்பிரிவு, எவ்வளவு அதிகாரம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

சட்டம் நிர்வாகத்துக்குத் தரும் விருப்புரிமையை, அதாவது தானே முடிவெடுக்கும் சுதந்திரத்தை, அளக்க அமெரிக்க ஆய்வாளர்கள் எப்ஸ்டைன், ஓஹாலரன் ஒரு கணக்கு வைத்தார்கள். 50 பிரிவுகளில் 20 அதிகாரத்தை ஒப்படைத்தால் 0.4. காலவரம்பு, மேல்முறையீடு, அறிக்கை என 14 வகைக் கடிவாளங்களில் 7 இருந்தால் 0.5. இரண்டையும் பெருக்கி 0.4இலிருந்து கழித்தால் மிச்சம் 0.2, அதுதான் விருப்புரிமை.

கணக்கு சரி, எடைதான் இடிக்கிறது. நம் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 17(5) உட்பிரிவைப் பாருங்கள். அமலுக்கு வந்து ஐந்தாண்டு முடியும்வரை, எந்தப் பிரிவிலிருந்தும் எந்த நிறுவனத்துக்கும் மத்திய அரசு அறிவிக்கை போட்டு விலக்களிக்கலாம். எண்ணிக்கையில் ஒன்றே ஒன்று! படிவத்தின் வடிவத்தை அரசிடம் விடும் வரிக்கும் இதே மதிப்பெண்தான். நாடாளுமன்றத்தில் வைக்கச் சொல்லும் 41ஆம் பிரிவோ விதிகளையும், 16, 42ஆம் பிரிவுகளின் அறிவிக்கைகளையும் மட்டுமே குறிப்பிடுகிறது. 17 அதில் இல்லை.

- வாசகர், திருச்சி