சூட்டுப்பெட்டிக் கதவில் எழுதியிருந்த 9.10

எல்லோருக்கும் வணக்கம்.

நான் சொல்லச் சொல்ல என் மகள் இதை எழுதுகிறாள். என் வலது கை இன்னும் பேனாவுக்கு அடங்கவில்லை. நடுவில் எனக்குச் சொல் வராமல் நின்றால் அவள் எடுத்துக் கொடுக்கக் கூடாது, காத்திருக்க வேண்டும் என்பது பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மாவின் உத்தரவு. அதனால் ஒரு சாயங்காலத்தில் முடிய வேண்டிய மடல் ஒன்பது நாள் இழுத்துவிட்டது. பிள்ளை பொறுமையாகத்தான் இருக்கிறாள். சில இடங்களில் மட்டும் பெருமூச்சு கேட்கிறது.

என்னை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மோட்டார் காயில் கட்டுவது என் தொழில். வயது 51. இருபத்து நான்கு வருடமாக ஒரே பட்டறை. மோட்டார் புகைந்துவிட்டது என்று ஒருவர் வாசலில் வந்து நின்றால், அவர் பயிர் காய்கிறது என்று அர்த்தம். அவரிடம் "நாளைக்கு வாங்க" என்று சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை. ராத்திரி எத்தனை மணியானாலும் முடித்துவிட்டுத்தான் ஷட்டரை இறக்குவேன். யார் தயவும் இல்லாமல் குடும்பத்தைக் கரை சேர்க்கிறேன் என்ற நினைப்பு உள்ளுக்குள் நிறையவே இருந்தது. ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் பக்கவாதம் வந்து அது மொத்தமாக இறங்கிப்போனது.

முதல் நன்றி பட்டறைத் தம்பிக்கு. பத்தொன்பது வயது. என்னிடம் வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அன்று வார்னிஷ் ஊற்றிய ஒரு ஸ்டேட்டரை (மோட்டாரில் காயில் உட்காரும் சுழலாத பாகம்) காயவைக்கும் பெட்டிக்குள் வைத்தோம். வைத்த நேரத்தைக் கதவில் சாக்பீஸால் எழுத வேண்டும் என்பது என் சட்டம். அவன் எழுதாமல் விட்டு நான் எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன். அன்றைக்கு எழுதியிருந்தான்: 9.10. ஸ்டேட்டரின் அடுத்த முனையை நான்தான் பிடித்துத் தூக்கியிருந்தேன், ஏதோ கிண்டலும் பேசியிருந்தேன். அதற்குப் பிறகு குனிந்து காயில் இறக்க உட்கார்ந்த நான், கையிலிருந்த மூங்கில் குச்சி கீழே விழுந்ததைக்கூட அறியவில்லை. தம்பி எடுத்துக் கொடுத்தான். மறுபடியும் விழுந்தது. "அண்ணே, வாய் ஒரு பக்கம் போகுது" என்றான். அவன் சொன்னது புரிந்தது. பதில் சொல்லத்தான் முடியவில்லை.

இரண்டு கையையும் தூக்கச் சொன்னான். இடது கை போனது, வலது கை பாதியில் தொங்கியது. இதெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தது என்று பிற்பாடு கேட்டேன். பள்ளிக்கூடத்தில் சுவரில் ஒட்டியிருந்ததாம். முகம், கை, பேச்சு, மூன்றில் ஒன்று கெட்டாலும் ஓடு என்று. அந்தத் தாளை ஒட்டிய ஆசிரியர் யாரோ, அவருக்கும் ஒரு கும்பிடு.

கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் வாயில் தண்ணீர் ஊற்ற வந்தார், இன்னொருவர் மாத்திரையோடு வந்தார். பாசத்தில்தான் வந்தார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் தம்பி இரண்டு பேரையும் மறித்துவிட்டான். விழுங்கும் தசையும் விழுந்திருந்தால் தண்ணீர் நுரையீரலுக்குப் போகும் என்பதும், மூளையில் அடைப்பா கசிவா என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்காமல் ரத்தத்தை இளக்கும் மாத்திரை கொடுத்தால் கசிவாக இருக்கும் பட்சத்தில் ஆளே போய்விடலாம் என்பதும் எனக்கு மருத்துவமனையில்தான் தெரிந்தது. அவனுக்கும் அன்று காரணமெல்லாம் தெரியாது. "எதுவும் குடுக்க வேணாம்" என்று மட்டும் பிடிவாதமாக நின்றான்.

பக்கத்து வீட்டு மாமா, வண்டி உங்களுடையது. பின் சீட்டில் ஏற்றியிருந்த சாமானை நீங்கள் நடுத்தெருவிலேயே இறக்கி வைத்துவிட்டுக் கிளம்பியதாகச் சொன்னார்கள். திரும்பி வந்தபோது எல்லாம் அப்படியே இருந்ததா என்று இதுவரை நான் கேட்கவில்லை. கேட்கவும் தைரியமில்லை.

முதலில் போன இடத்தில் ஒரு மணி நேரம் வீணானது. ராப்பகலாக உழைத்த சோர்வு, ஒரு பாட்டில் ஏற்றினால் எழுந்துவிடுவார் என்றார்கள். எந்த இடம் என்று இங்கே எழுதப்போவதில்லை. அங்கே பணியிலிருந்த ஒரு சகோதரி என் மனைவியை ஓரமாகக் கூட்டிப்போய், "அக்கா, இங்க நிக்காதீங்க. ஸ்கேன் இருக்கிற இடத்துக்குக் கொண்டு போங்க, இப்பவே" என்று சொன்னதைத்தான் எழுத வேண்டும். தன் வேலை போனாலும் போகட்டும் என்றுதான் சொல்லியிருப்பார். சகோதரி, உங்கள் பேர்கூட எங்களுக்குத் தெரியாது. இந்த மடலில் வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் உங்களுக்குப் பங்குண்டு.

பெரிய மருத்துவமனையில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தாரு?" என்பது. "காலையில", "இப்பத்தான்", "ஒன்பது ஒன்பதரை இருக்கும்" என்று ஆளுக்கொன்று சொல்லியிருக்கிறார்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். நேரம் சரியாகத் தெரியாவிட்டால் போடவே யோசிப்பார்கள். தம்பி நெஞ்சை நிமிர்த்தி, "9.10 சார். கதவுல எழுதியிருக்கேன்" என்றானாம். கதவில் எழுதியிருக்கிறது என்றால் டாக்டருக்கு என்ன புரிந்திருக்கும்! ஆனாலும் அந்தக் குரலில் இருந்த உறுதி போதுமானதாக இருந்திருக்கிறது.

ஸ்கேனில் கசிவு இல்லை, அடைப்புதான். அதற்கப்புறமும் உடனே ஊசி போட முடியவில்லை, அதற்குக் காரணம் நான். ரத்த அழுத்தம் 210க்கு 120. அது 185க்கு 110 என்ற அளவுக்குக் கீழே வந்தால்தான் அந்த மருந்தை ஏற்றலாம். முதலில் அதை இறக்கினார்கள், பிறகு ஊசி. மணி 12.35. ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 லட்சம் மூளை நரம்பணுக்கள் செத்துக்கொண்டிருக்கும் என்று டாக்டர் பிறகு சொன்னார். அந்தக் கணக்கை நான் போட்டுப் பார்க்கவில்லை. முதல் இடத்தில் கழிந்த அந்த ஒரு மணியை மட்டும் போட்டுப் பார்த்தேன், அதோடு நிறுத்திக்கொண்டேன்.

அழுத்த மாத்திரையை நான் விட்டு ஒரு வருடமாகியிருந்தது. உடம்பு நன்றாக இருக்கிறதே, எதற்கு என்று விட்டேன். சூடு பத்து டிகிரி கூடினால் காயிலின் இன்சுலேஷன் ஆயுள் பாதியாகும் என்று வருகிறவர்களிடமெல்லாம் பாடம் எடுத்தவன் நான். சுமை கூடினால் மின்சாரத்தை நிறுத்தும் ஓவர்லோட் ரிலே மாட்டாமல் மோட்டார் ஓட்டுகிறவர்களைத் திட்டியிருக்கிறேன். அவர்கள் எல்லோரும் என்னைப் பார்க்க வந்தார்கள். ஒருவர்கூட திருப்பித் திட்டவில்லை. அதற்கும் நன்றி.

விழித்தபோது வலது பக்கம் எனக்குச் சொந்தமில்லை. எங்கள் தொழிலில் சிங்கிள் பேஸ் ஆவது என்று ஒன்று உண்டு. மின்சாரம் வரும் மூன்று பேஸில் ஒன்று விட்டுப்போயும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால், மூன்று பேஸ் காயிலின் ஒரு முனையையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டும் ஸ்டார் கனெக்‌ஷனில் இரண்டு பேஸ் காயில் கருகிக் கிடக்கும், மூன்றாவது நேற்றுக் கட்டியது மாதிரி பளபளக்கும். பிரித்துப் பார்க்கும்போது அந்த நல்ல காயிலைப் பார்த்தால்தான் அதிகம் வயிற்றெரிச்சலாக இருக்கும். என் இடது கையைப் பார்த்தபோது எனக்கு அப்படித்தான் இருந்தது.

பேச்சு அதைவிட மோசம். என் மகள் பேர் மனதில் இருக்கிறது, வாய்க்கு வரவில்லை. ஸ்பானரைக் காட்டினால் "அது... அது..." என்கிறேன். பயிற்சிக்கு வந்த அம்மா என் தொழிலைக் கேட்டுத் தெரிந்துகொண்டு மறுநாள் ஒரு நூல்கண்டோடு வந்தார். என் இடது கையில் நூலைக் கொடுத்து, ஒரு அட்டையைச் சுற்றச் சொன்னார். சுற்ற ஆரம்பித்தேன். வாய் தானாக எண்ணியது. ஒன்று, இரண்டு, மூன்று... நாற்பத்தெட்டு வரைக்கும் ஒரு தடங்கலில்லாமல். என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பேச்சு போனவர்களுக்கும் இப்படி வரிசையாக மனதில் பதிந்தவை பல சமயம் மிஞ்சியிருக்குமாம். ஆனால் "எத்தனை சுற்று?" என்று கேட்டால் நாற்பத்தெட்டு என்று நேராகச் சொல்ல வராது. மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டு வந்து அங்கே நிற்க வேண்டும். மூன்று வாரம் அப்படி நின்று நின்றுதான் ஒவ்வொரு எண்ணாக எனக்குத் திரும்பக் கிடைத்தது. அம்மா, அந்த அட்டை இன்னும் என் மேஜையில் இருக்கிறது.

கைக்குப் பயிற்சி கொடுத்த தம்பி ரப்பர் பந்தோடு வந்தார். பந்தை அமுக்க எனக்குப் பொறுமை இல்லை என்று கண்டுகொண்டதும், பழைய ஸ்டேட்டர் ஒன்றை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லிவிட்டார். காயில் உட்காரும் பள்ளமான ஸ்லாட்டுக்குள் இன்சுலேஷன் பேப்பரை மடித்துச் சொருகுவதுதான் பயிற்சி. முதல் நாள் முக்கால் மணி நேரத்தில் ஒரு ஸ்லாட். 36 ஸ்லாட்டும் நிறைய பதினெட்டு நாள் ஆனது.

இந்த நாட்களில் பட்டறை பூட்டியிருக்கும் என்றுதான் நினைத்தேன். உள்ளே ஏழு மோட்டார் பிரித்துப்போட்டபடி கிடந்தது. ஒருவர் மட்டும் தன் மோட்டாரை எடுத்துக்கொண்டு வேறு ஆளிடம் போனார். அவர் இப்போது என்னைக் கண்டால் சந்து மாறிப் போகிறார். ஐயா, நீங்கள் செய்தது சரி. பயிர் காத்திருக்காது. என்னைப் பார்த்து ஒளிய வேண்டாம்.

மீதி ஆறையும் கட்டியது யார் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் சொன்னார்கள். எங்கள் ஊரில் காயில் கட்டும் இன்னொரு அண்ணன். அவரும் நானும் பேசிப் பதினொரு வருடம். நான் கட்டிய ஒரு மோட்டாரை அவர் மட்டமாகப் பேசினார் என்று யாரோ சொன்னார்கள். நான் போய்க் கேட்கவில்லை, அவரும் வந்து சொல்லவில்லை, வருடம் ஓடிவிட்டது. அந்த மனிதர் தன் பட்டறையை மூடிவிட்டு ராத்திரி எட்டு மணிக்கு மேல் என் பட்டறைக்கு வந்து வேலை செய்திருக்கிறார். என் மனைவி காயில் மெஷின் சுற்றக் கற்றுக்கொண்டது அவரிடம்தான். கூலியை அப்படியே அவள் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். ரசீதில் என் பேர்.

எங்கள் தொழிலில் டேட்டா நோட்டுதான் சொத்து. எந்த மோட்டாருக்கு எத்தனை சுற்று, எந்தக் கேஜ் கம்பி, எந்தப் பிட்ச் (ஒரு காயில் எந்த ஸ்லாட்டிலிருந்து எந்த ஸ்லாட்டுக்குப் போகிறது) என்று இருபத்து நான்கு வருடம் எழுதிச் சேர்த்தது. அதை வெளி ஆளிடம் யாரும் காட்டமாட்டார்கள். என் மனைவிக்கு அது தெரியாது, எடுத்து அவர் முன்னால் விரித்து வைத்துவிட்டாள். கேட்டதும் எனக்குத் திக்கென்றது, மறைக்க மாட்டேன். நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் 36 ஸ்லாட், பிட்ச் 1-8, 1-10, 1-12 என்று நான் எழுதியிருந்ததற்கு எதிரே பென்சிலில் ஒரு கோடு. நான் 22 கேஜ் என்று போட்டிருந்ததை வட்டமிட்டு, "21 இருக்கணும். அளந்து பார்க்கவும்" என்று எழுதியிருந்தார். அளந்து பார்த்தேன். 21தான். கேஜ் எண் கூடினால் கம்பி மெலியும். நான் எழுதியபடி மெலிந்த கம்பியில் கட்டியிருந்தால் அந்த மோட்டார் சூடேறி ஒரு கோடையைத் தாண்டியிருக்காது. பதினொரு வருடத்துக்கு முன்னால் அவர் உண்மையில் என்னதான் சொன்னார் என்று இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மனைவிக்கு நன்றி சொல்ல ஒரு பத்தி சொன்னேன். மகள் எழுதிக்கொண்டிருக்கும்போது அவள் எட்டிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் ஊருக்கு எதுக்கு" என்று அடிக்கச் சொல்லிவிட்டாள். அடித்தாயிற்று. மகளைப் பற்றிச் சொன்னதை மகளே எழுதவில்லை.

பட்டறை இப்போது காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரைதான். சாயங்காலம் மாத்திரை, நடை, தூக்கம். அவசரமென்று வருகிறவர்களிடம் "நாளைக்கு வாங்க" என்று சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறேன். போன வாரம் நானே முழுதாக ஒரு சின்ன மோட்டார் கட்டினேன். நான்கு நாள் பிடித்தது. இன்சுலேஷன் சரியாக இருக்கிறதா என்று மெகர் வைத்துப் பார்த்தோம், முள் நல்ல இடத்தில் நின்றது. தம்பி பெட்டிக்கதவில் நேரம் எழுதினான். பழைய 9.10ஐ அழிக்காமல் அதற்குக் கீழே எழுதினான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அண்ணே, கம்பி அளந்து பார்த்த உங்கள் மைக்ரோமீட்டர் என் மேஜை டிராயரில் இருக்கிறது. மறந்து வைத்துவிட்டுப் போனீர்களா, தெரிந்தே வைத்தீர்களா தெரியவில்லை. தம்பியிடம் கொடுத்தனுப்ப மாட்டேன். நீங்களே வந்து வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்பது மணிக்கு மேல் வாருங்கள், பேச எனக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.