பஞ்சாங்கத்தோடு கடல் ஏற்ற நேரமும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழில் தினமும் திதி, நட்சத்திரம், ராகுகாலம் வருகின்றன. மும்பைப் பதிப்பில் அதற்குக் கீழே கடல் ஏறும் நேரம், வற்றும் நேரம், நீர்மட்டம் எத்தனை மீட்டர் என்று ஒரு வரி சேர்க்க வேண்டுகிறோம். மழைக்காலத்தில் வெள்ள எச்சரிக்கைச் செய்தியோடு இந்த நேரங்கள் வந்துவிடுகின்றன. ஆனால் நவம்பர் முதல் மே வரை, ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு கிளம்புகிறவர்களுக்குத்தான் இது அதிகம் தேவைப்படுகிறது.

சிவ்ரி கடற்கரைச் சேற்றுவெளிக்கு வரும் பூநாரைகளை (ஃபிளமிங்கோ) எடுத்துக்கொள்வோம். சயான் கோலிவாடா, அன்டாப் ஹில் பக்கம் இருக்கும் நம்மவர்களுக்கு ஜிடிபி நகரிலிருந்து ஹார்பர் லைன் ரயிலில் வடாலா ரோடு, அடுத்தது சிவ்ரி. கிழக்குப் பக்கம் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் படகுத்துறை. இவ்வளவு பக்கத்தில் இருந்தும் பலர் பறவையைப் பார்க்காமலே திரும்புகிறார்கள். காரணம் நேரம்தான். கடல் முழுதாக வற்றியிருந்தால் சேற்றுவெளி வெகுதூரம் நீண்டு, பறவைகள் வெறும் இளஞ்சிவப்புக் கோடாகத் தெரியும். முழுதாக ஏறிவிட்டால் சேறு மூழ்கிவிடும். இரை தேட இடமில்லாமல் அவை வேறு திட்டுக்குப் போய்விடும். ஏற்றம் உச்சத்தைத் தொடுவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் போய் நிற்க வேண்டும். ஏறும் நீர் பறவைகளைக் கரைப்பக்கம் தள்ளிக்கொண்டே வரும். அப்போது பைனாகுலரில் பார்த்தால், காலால் சேற்றை மிதித்துக் கலக்குவதும், தலையைக் கவிழ்த்து அலகைத் தலைகீழாக நீரில் வைத்து வடிகட்டுவதும் தெளிவாகத் தெரியும். அலகு முழுவதும் கருஞ்சிவப்பாக இருந்தால் சிறு பூநாரை; வெளிர் இளஞ்சிவப்பில் நுனி மட்டும் கறுத்திருந்தால் பெரும் பூநாரை. சாம்பல் நிறத்தில் இருப்பவை வேறு பறவை அல்ல, இளம் பூநாரைகள்.

ஒளியையும் கணக்கில் வையுங்கள். சிவ்ரி கிழக்குக் கரை. காலையில் வெயில் கண்ணில் அடிக்கும், படம் எல்லாம் நிழலுருவாகவே வரும். மதியத்துக்கு மேல் வெயில் முதுகுப்பக்கம் வந்துவிடும். ஆகவே ஏற்றம் மாலை ஆறு மணியை ஒட்டி வரும் நாளாகப் பார்த்து, மூன்று மணிக்கே போய்விடுவது உத்தமம்.

அந்த நாளை வீட்டு நாள்காட்டியிலேயே கண்டுபிடிக்கலாம். கொங்கண் கரை மீனவர்களின் கணக்கு இது: திதியின் எண்ணை முக்காலால் பெருக்கினால் ஏற்ற நேரம். அஷ்டமிக்கு எட்டை முக்காலால் பெருக்கினால் ஆறு. காலை ஆறு, மாலை ஆறு. பஞ்சமிக்கு மூன்றே முக்கால். வளர்பிறை, தேய்பிறை இரண்டுக்கும் இதே கணக்குதான். நல்ல காரியத்துக்கு நாம் தவிர்க்கும் அஷ்டமி நவமிதான் பூநாரைக்குப் பொருத்தமான நாள். அந்த நாட்களில் ஏற்றமும் குறைவாக இருப்பதால் நீர் மெதுவாக ஏறும், பார்க்க அதிக நேரம் கிடைக்கும். பறவையை நெருங்க நினைத்துச் சேற்றில் மட்டும் இறங்கக் கூடாது. மேலே உறுதியாகத் தெரியும், கால் வைத்தால் முழங்காலுக்கு மேல் இழுத்துக்கொள்ளும். ஏற்றத்துக்குக் காத்திருக்கும் நேரத்தில், அருகே மேட்டில் இருக்கும் 1680-ம் ஆண்டு சிவ்ரி கோட்டையைப் பார்த்துவிடலாம்.

பூநாரைக்கு நேரம் தவறினால் ஏமாற்றத்தோடு போகும். அலிபாக் குலாபா கோட்டையில் நேரம் தவறினால் ஆபத்து. மும்பை கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து மாண்ட்வா துறைக்குப் படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம், பிறகு பஸ். சிவாஜி தொடங்கி, பின்னர் மராட்டியக் கடற்படைத் தலைவர் கான்ஹோஜி ஆங்கரேயின் தளமாக விளங்கிய இந்தக் கடல்கோட்டைக்கு, நீர் வற்றினால் நடந்தோ குதிரை வண்டியிலோ போகலாம். ஏற்றத்தில் படகுதான். உள்ளே சுற்றிலும் கடல் இருக்க நடுவில் நன்னீர்க் கிணறு. அதைப் பார்க்காமல் வரக் கூடாது. இங்கே அஷ்டமி உதவாது, அன்று நீர் அரைகுறையாகத்தான் வற்றும். துவாதசி, திரயோதசி நல்லது: ஏற்றம் காலை ஒன்பதை ஒட்டி, வற்றம் மாலை மூன்றை ஒட்டி வரும். முழுதாக வற்றுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால், நீர் இறங்கிக்கொண்டிருக்கும்போதே நடக்கத் தொடங்குங்கள்; வற்றி முடிந்த அரை மணிக்குள் கரை திரும்பிவிடுங்கள். கோட்டைக்குள் உட்கார்ந்து சாப்பிட்டுப் பேசிக்கொண்டிருப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். நீர் எதிரே இருந்து மட்டும் வருவதில்லை; நடந்து வந்த பாதையின் பள்ளங்களில் முதலில் நிரம்பி, பின்னால் வழியை அடைத்துவிடும். பாறையில் பாசி வழுக்கும், பிடிப்புள்ள செருப்பு அவசியம்.

ஹாஜி அலி தர்கா பாதையும் ஏற்றத்தில் மூழ்குவதுதான். நவி மும்பை ஐரோலியில் பூநாரை பார்க்க விடும் படகுகளின் நேரமும் கடலைப் பார்த்துத்தான் தினமும் மாறுகிறது.

திதிக் கணக்கு சில நாள் அரை மணி, சில நாள் ஒரு மணி முன்பின் போகும். பூநாரை பார்க்க அது போதும், குலாபா கோட்டைக்குப் போதாது. அதனால்தான் அச்சில் கேட்கிறோம். ராகுகாலத்துக்குக் கீழே 'ஏற்றம் இத்தனை மணி, இத்தனை மீட்டர். வற்றம் இத்தனை மணி, இத்தனை மீட்டர்' என்று இருந்தால் போதும். சனிக்கிழமை இதழில் மறுநாள் நேரத்தையும் சேர்த்துப் போட்டால், வீட்டில் இரவே முடிவெடுக்க வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
வாசகர்கள், சயான் கோலிவாடா, மும்பை