குடியிருப்போர் நலச் சங்கம், வால்பாறை: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம். வராத உறுப்பினர்களுக்கும் இந்த அறிக்கை வாட்ஸ்அப்பில் போகும். அவர்கள் படிக்க வேண்டும் என்பதற்காகவே சில விஷயங்களைக் கொஞ்சம் விரிவாக எழுதியிருக்கிறேன்.

சுதந்திர தினத்தன்று குடை பிடித்தபடி கொடியேற்றினோம். பொங்கல் நோம்பிக்குக் கோலப்போட்டி நடந்தது, பரிசு எல்லாருக்கும் கொடுத்தோம். தெருவிளக்குக்காக மனு கொடுத்திருக்கிறோம், பதில் வரவில்லை. 1975-ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி அனுப்ப வேண்டிய படிவங்கள் பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்விட்டன. செயற்குழு கூடியது, போதுமான உறுப்பினர்கள் வராததால் சில கூட்டங்கள் தள்ளிப்போயின.

இனி பூங்கா.

போன பொதுக்குழுவில் ஓர் உறுப்பினர், "ஏனுங்க, வருசத்துல பாதி நாளு வானமே தண்ணி ஊத்துது, அப்புறம் புல்லுக்கு எதுக்குங்க இத்தனை செலவு?" என்று கேட்டார். கைதட்டலும் விழுந்தது. அன்றைக்கு நேரமாகிவிட்டதால் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன்.

பொள்ளாச்சியில் புல்தரை வைத்திருப்பவருக்குத் தண்ணீர் பாய்ச்சுவதுதான் வெசனம். நமக்குத் தண்ணீரை வெளியே அனுப்புவதுதான் வேலை. தமிழ்நாட்டிலேயே மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களில் ஒன்றான சின்னக்கல்லார் நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஜூனில் பிடிக்கிற தென்மேற்குப் பருவமழை செப்டம்பர் வரை விடாது. அது ஓய்ந்து துணி காய்வதற்குள் ஐப்பசி மழை வந்துவிடும். இத்தனை மழையும் மண்ணிலிருக்கும் சுண்ணாம்புச் சத்தைக் கரைத்து எடுத்துக்கொண்டு போகிறது. மண் புளித்துப்போகிறது. தேயிலைக்கு அந்தப் புளிப்பு வேண்டும். கார அமில நிலை (pH) 4.5 முதல் 5.5 வரை இருந்தால் அது கொழிக்கும். புல்லுக்கு 6-க்குப் பக்கத்தில் இருந்தால்தான் நல்லது. புளிப்பு, நிழல், தேங்கிய ஈரம், மிதிபட்டு இறுகிய மண் எல்லாம் ஒன்று சேரும் இடத்தில் புல் மெலிந்து பாசி ஏறிவிடும். ஊஞ்சல் பக்கம் நடந்தது அதுதான்.

ஆகவே ஏப்ரலில், கோடை மழையில் மண் நனைந்த பிறகு, எஸ்டேட்டுகளில் போடும் அதே டோலமைட் என்ற சுண்ணாம்புத் தூளைத் தூவினோம். யூரியாவை அப்போது தொடவில்லை. சுண்ணாம்பும் யூரியாவும் சேர்ந்தால் தழைச்சத்து ஆவியாகப் போய்விடும். மே மாதம் மேட்டுப்பக்கம் முழங்கால் ஆழத்துக்கு வாய்க்கால் எடுத்து, முக்கால் அங்குல ஜல்லி நிரப்பி, ரோட்டோரச் சாக்கடையில் கொண்டுபோய் விட்டோம். சரிவில் இறங்கும் தண்ணீர் இப்போது புல்தரைக்குள் வராமல் ஓரமாகவே போய்விடுகிறது. "பூங்காவுக்குள்ள எதுக்குங்க சாக்கடை?" என்று கேட்டவர்கள் ஜூலையில் ஒருமுறை வந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். வரவில்லை.

இந்த இடத்தில் ஒரு புகாருக்கும் பதில் சொல்லியாக வேண்டும். வேலியோர ஹைட்ரேஞ்சியா எப்போதும் நீலமாகத்தான் பூக்கும், இந்த வருடம் ஒரு பக்கம் மட்டும் ரோஸ் நிறத்தில் பூத்தது. செயலாளர் ஏதோ மருந்தடித்துக் கெடுத்துவிட்டார் என்று பேச்சு. புளித்த மண்ணிலிருந்து அலுமினியத்தை வேர் எடுத்துக்கொள்ளும்போது அந்தப் பூ நீலமாக வருகிறது. சுண்ணாம்பு போய்ச் சேர்ந்த பக்கம் புளிப்பு குறைந்தது, நிறம் மாறியது. செடிக்கு ஒரு கேடும் இல்லை. சொல்லப்போனால், டோலமைட் வேலை செய்ததற்கு அந்தப் பூவே சாட்சி.

மழைக்கு முன்னால் பூச்செடிகளுக்குப் பூசணம் பிடிக்காமல் இருக்கப் போர்டோ கலவை அடித்தோம். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணீர் 100 லிட்டர் என்பது கணக்கு. நாம் அதில் பத்தில் ஒரு பங்குதான் கலக்கினோம். எஸ்டேட் லயன் வீடுகளிலிருந்து வேலைக்கு வரும் அம்மா, கலக்கி முடித்ததும் தன் கத்தியை வாளிக்குள் முக்கி எடுத்துப் பார்த்தார். முனையில் செம்பு நிறம் படிந்திருந்தது. "இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு கேக்குதுங்கய்யா" என்று ஒரு கை போட்டார். அடுத்த முறை கத்தி வெள்ளையாகவே வந்தது. அவருடைய கூலியைத்தான் "அதிகம்" என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள்.

புல் வெட்டும் விஷயத்தில் ஒரு மனக்குறை. ஜூலையில் அந்த அம்மா ஊருக்குப் போயிருந்தபோது, செலவு குறையும் என்று செயற்குழுவில் சிலர் வற்புறுத்தியதால் வெளியாள் ஒருவரிடம் வேலையைக் கொடுத்தோம். முழங்கால் உயரம் வளர்ந்திருந்த ஈரப் புல்லை பிரஷ் கட்டரால் மண் தெரிய மழித்துவிட்டுப் போனார். இரண்டு சில்வர் ஓக் கன்றுகளின் அடிப்பட்டையும் நைலான் நரம்பில் உரிந்தது. ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது, அதுவும் மழைக்காலத்தில் மூன்று அங்குலமாவது நிற்க வேண்டும், மழை விட்ட நாளாகப் பார்த்து வெட்ட வேண்டும் என்று நான் அப்போதே சொன்னது மினிட்ஸ் புத்தகத்தில் இருக்கிறது. வெறும் தரையான இடத்தில் கோரை வந்து உட்கார்ந்துகொண்டது. கோரையை மேலாகப் பிடுங்கினால் கிழங்கு உள்ளேயே நின்று மறுபடி முளைக்கும். தோண்டித்தான் எடுக்க வேண்டும், இன்னும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

நத்தைகளை ராத்திரியில் டார்ச் அடித்துப் பொறுக்கினோம். உப்புத் தூவச் சொன்னவர்கள் நேரில் வந்து தூவாததும் நல்லதுதான், உப்பு புல்லையும் கொன்றிருக்கும். காட்டுப்பன்றி கிளறிய இடத்தைச் சமப்படுத்தியாயிற்று.

சந்தா. ஜூன் பிறந்தால் வீட்டைப் பூட்டிக்கொண்டு பொள்ளாச்சிக்கும் கோயமுத்தூருக்கும் திருப்பூருக்கும் இறங்கிவிடுகிறோம். ஏப்ரல், மே மாதங்களில் ஒறம்பரை சொந்தபந்தத்தோடு ஏறி வருகிறோம். அதே புல்தரையில் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்து போட்டோ எடுக்கிறோம். சந்தா கேட்டால், "நாங்க இல்லாத மாசத்துக்கு எதுக்குங்க?" என்கிறோம். நீங்கள் இல்லாத மாதங்களில்தான் ஐயா புல் வளர்கிறது. கூலி, பெட்ரோல், பிளேடு தீட்டுவது, பாதையில் பாசி தேய்ப்பது எல்லாம் அந்த நாலைந்து மாதச் செலவு. நீங்கள் இருக்கும் மாதங்களில் ஒரு ஓஸ் பைப்பும் ஒரு சீமாறும் போதும். பாக்கி வைத்திருப்பவர்களின் பெயரைப் படிக்க வேண்டாம் என்று தலைவர் சொல்லிவிட்டதால் படிக்கவில்லை. பட்டியல் என் பையில் இருக்கிறது.

வரவு செலவு ஏறக்குறைய சரிக்கட்டிவிட்டது. ஜல்லிக்கு ஆன செலவில் ஒரு பகுதி பொதுநிதியிலிருந்தும், ஒரு பகுதி நல்ல மனம் உள்ள சிலரிடமிருந்தும் வந்தது. விவரம் பொருளாளரிடம் உள்ளது, கேட்டால் காட்டுவார்.

தலைவருக்கும், செயற்குழுவினருக்கும், கூட்டத்துக்கு இடம் கொடுத்தவர்களுக்கும், தோட்டத்து அம்மாவுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு செப்டம்பர் கடைசியில், மழை சற்று விட்டதும், புல்தரை முழுக்கக் கடப்பாரையால் துளை போட்டு மணல் நிரப்ப வேண்டும். உரமும் அப்போதுதான், கொட்டும் மழையில் போட்டால் சோலையாறு அணைக்குத்தான் போய்ச் சேரும். அந்த மணல் ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறி வர வேண்டும், லாரி வாடகையை நினைத்துப் பாருங்கள். இதற்கு பதில் பேவர் பிளாக் பதித்துவிடலாம் என்று ஒரு தீர்மானம் வந்திருக்கிறது. பதித்தால் அதிலும் பாசி பிடிக்கும், கூடவே வழுக்கும்.

செயலாளர் பொறுப்பை வேறு யாராவது ஏற்றுக்கொள்வதாக இருந்தால் மெஷின் சாவியை இன்றே கொடுத்துவிடத் தயார். இல்லையென்றால் பன்னிரண்டு மாதச் சந்தாத் தீர்மானத்தையாவது நிறைவேற்றிக் கொடுங்கள். கூட்டம் முடிந்ததும் பொருளாளர் வாசல் பக்க மேசையில் ரசீதுப் புத்தகத்தோடு இருப்பார். டீயும் வடையும் அதே மேசையில்தான் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்