செட்டிநாட்டு வீடுகளோடு பேச்சையும் பதிவு செய்க

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செட்டிநாட்டு வீடுகளைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த படக்கட்டுரையில் முகப்பும் வளவும் (உள்முற்றப் பகுதி) தேக்குத் தூண்களும் அழகாக வந்திருந்தன. அவ்வீடுகளில் வாழ்ந்த ஒருவரது பேச்சுகூட இடம்பெறாதது குறையாகப் பட்டது. அக்குறை கட்டுரையாளருடையது மட்டுமன்று, எங்கள் ஊர்களுடையதும்தான்.

செட்டிநாட்டு நகரத்தார் பலர் பர்மாவில் வட்டிக்கடை நடத்தி வந்தவர்கள். 1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் புகுந்தபோது, கப்பல் கிடைக்காமல் அரக்கான் மலைவழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்து வந்தவர்களில், அன்று பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவர் இன்று தொண்ணூறைத் தாண்டியிருப்பார். 1964இல் கடைகள் அரசுடைமையானபின் திரும்பிய இளைஞர்களுக்கோ எண்பதுக்கு மேல். பேரேடுகள் பல வீடுகளில் இன்னும் இருக்கின்றன. ஆனால் அவற்றில் வரவு செலவு இருக்குமேயன்றி, பெட்டியடிப் பையனாக, அதாவது கடையில் தொழில் பழகும் சிறுவனாகச் சேர்ந்தவன் மூன்றாண்டுக் கணக்கு முடியும்வரை ஊர் முகம் காணாமல் கடையிலேயே படுத்து எழுந்த கதை இராது.

கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போனவர்கள் இல்லாத ஆண்டுகளில் இங்கே வீட்டை நடத்தியவர்கள் ஆச்சிமார். சென்ற ஆண்டு எங்கள் தெருவில் எண்பத்தெட்டு வயது ஆச்சி ஒருவர்முன் அலைபேசியை வைத்து, "பழைய காலத்தைப் பத்திச் சொல்லுங்க ஆச்சி" என்றேன். "என்னத்தச் சொல்றது, எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு" என்று முடித்துவிட்டார். மறுமுறை அவர் வீட்டு மரவை (அரக்குப் பூசிய பாத்திரம்) ஒன்றைக் கையில் கொடுத்து, இது எப்போது வந்தது என்று கேட்டதும், தம்மை வேறு வைத்தபோது, அதாவது தமக்கும் கணவருக்கும் தனி அடுப்பு வைத்துக் கொடுத்தபோது, மாமியார் அளந்து கொடுத்த நெல்லில் தொடங்கி, ஒரே வளவில் தனித்தனியாக எரிந்த அடுப்புகளில் எந்த அடுப்புக்கும் எந்த அடுப்புக்கும் பேச்சில்லை என்பது வரை ஒரு மணிநேரம் சொன்னார். காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு மரவைகள் வருகின்றன. இந்தப் பேச்சு வருவதில்லை.

நகரத்தார் குடும்பங்களோடு நின்றுவிடவும் கூடாது. முட்டை வெண்கரு சேர்த்த சுண்ணாம்பால் சுவரை இழைத்த கொத்தனார்கள், கண்ணாடியின்மேல் வண்ணம் வார்த்து ஆத்தங்குடித் தரைக்கல் செய்தவர்கள், கல்யாண வீட்டுச் சமையல்காரர்கள் ஆகியோரின் கைப்பக்குவத்தை யாரும் ஏட்டில் எழுதி வைக்கவில்லை.

பேச்சு பாகப்பிரிவினைப் பக்கம் திரும்பாமல் இராது (எங்கள் ஊரில் எந்தக் கதைதான் அங்கே போய் நிற்காது!). ஆகவே எதை இப்போது வெளியிடலாம், எதைத் தம் காலத்துக்குப் பிறகே வெளியிட வேண்டும் என்பதைச் சொல்பவரே முடிவு செய்து எழுதித் தருவது நல்லது. அவரது பேச்சை நூல்நடையாகத் திருத்துவதும் வேண்டாம்.

கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த நூல்களும் இதழ்களும் 1992இல் அவர் மறைந்தபின் சிதறிப்போகாமல், 1994இல் சென்னையில் ஆய்வு நூலகமாயின. ஒலிப்பதிவுகளுக்கும் அப்படியோர் இருப்பிடம் வேண்டும். அலைபேசியில் கிடப்பது அலைபேசியோடு போய்விடும். அழகப்பா பல்கலைக்கழக மாணவர்கள் விடுமுறையில் தத்தம் ஊரில் ஒருவரையேனும் பதிவு செய்ய முன்வந்தால், படிகளைப் பல்கலைக்கழக நூலகத்திலேயே வைக்கலாம். தங்கள் இதழ் மாதம் ஒரு பக்கம் ஒதுக்குமாயின், அந்த ஆச்சியின் பேச்சை, அவர் இசைந்த அளவில், எழுத்தாக்கி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கானாடுகாத்தான்.